வில்லும் விரலும்

(சென்ற ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

சிலம்பையும் குறளையும் பற்றிய பேச்சுகளைக் கேட்டுப் பழகிய மேடை இது. இங்கே ஓர் இரயில்வே குமாஸ்தா வந்து நின்று, சீன நாட்டு நரம்புக் கருவியைப் பற்றியும் அமெரிக்க நாட்டு இசையைப் பற்றியும் பேசப் புகுவது உங்களில் சிலருக்கு வேடிக்கையாக இருக்கும். நான் பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். பார்சல் அலுவலகத்தில் சீட்டு எழுதிக் காலம் கழிப்பவன். இசையிலக்கணம் முறையாகப் பயின்றவனல்லன். செயலாளர் அவர்கள், "எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம்" என்று பெருந்தன்மையோடு கூறினார்கள். இப்படி ஒன்று வந்து சேரும் என்று அவர்கள் அப்போது எண்ணியிருக்க மாட்டார்கள்.

நான் இதைப் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. அதை மறைப்பது முறையன்று. என் மகள் எட்டாண்டுகளாக வயலின் கற்று வருகிறாள். எங்கள் குடியிருப்பில் அடுத்த வீடு ஒரு வங்காளக் குடும்பத்தினுடையது. அவ்வீட்டுப் பிள்ளை சரோது வாசிக்கிறான். என்னைக் 'காக்கு' என்று அழைப்பான். சிற்றப்பா என்று பொருள். மாலை வேளையில் இருவரும் தாழ்வாரத்தில் அமர்ந்து, அவள் மோகனம் வாசிக்க, அவன் அதைப் பூபாலி என்று சொல்லிக்கொண்டு உடன் வாசிக்கத் தொடங்கினார்கள். ஆண்டு விழாவில் இருவரும் சேர்ந்து வாசிக்கலாமா என்று மகள் கேட்டாள். நான் சினந்தேன். "இந்த ஊரில் நமக்கென்று எஞ்சியிருப்பது மொழியும் இந்த இசையுந்தான். அதையும் கலந்துவிட்டால் நாளை ஊருக்குப் போய் எதைக் காட்டுவாய்?" என்று கேட்டேன். அந்தப் பிள்ளையின் காதில் விழும்படியே கேட்டேன். அவள் வயலினைப் பெட்டியில் வைத்து மூடினாள். நாற்பது நாள் அப்பெட்டி திறக்கப்படவில்லை. நாள் கணக்கை வைத்திருந்தவள் என் மனைவி. அந்தப் பிள்ளையோ எங்கள் வாசலைத் தவிர்த்து, பின்சந்து வழியாகச் சுற்றிப் போகலானான்.

ஒருநாள் இரவுப் பணி முடிந்து வீடு திரும்பினேன். மகள் தன் கைப்பேசியை என்னிடம் நீட்டி, "அப்பா, இதில் இரயில் வருகிறது, கேளுங்கள்" என்றாள். நாற்பது நாளில் அவளாகப் பேசிய முதல் வார்த்தை அதுவே. இரயில் என்றால் நான் மறுக்க மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

அது ஸ்டீவ் ரைக் என்னும் அமெரிக்கர் 1988இல் இயற்றிய 'வெவ்வேறு இரயில்கள்' என்னும் இசைப் படைப்பு. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ ஆகிய நான்கும் வாசிக்க, ஒலிப்பதிவில் இரயில் ஊதல்களும் மனிதக் குரல்களும் கூடவே வருகின்றன. ரைக் 1936இல் பிறந்தவர். பெற்றோர் பிரிந்துவிட்டனர். தந்தை நியூயார்க்கில், தாய் லாஸ் ஏஞ்சல்சில். ஆகவே 1939 முதல் 1942 வரை அச்சிறுவன் தாதியின் துணையோடு அமெரிக்காவின் இரு கரைகளுக்கும் இடையே இரயிலில் போய் வந்துகொண்டிருந்தான். வளர்ந்தபின் அவர் எண்ணிப் பார்த்தார். அவர் யூதர். அதே ஆண்டுகளில் ஐரோப்பாவில் இருந்திருந்தால், தாம் ஏறியிருக்கக்கூடிய இரயில் வேறு! அந்தத் தாதியின் குரல், ஓய்வுபெற்ற படுக்கை வண்டிப் பணியாளர் ஒருவரின் குரல், வதை முகாம்களிலிருந்து உயிர் தப்பியவர்களின் குரல் இவற்றை எடுத்து, ஒவ்வொரு சொற்றொடரிலும் இயல்பாக உள்ள ஏற்ற இறக்கத்தையே சுரமாக்கி வயலினிடம் கொடுத்துவிட்டார். மனிதன் சொல்கிறான், நரம்பு அதையே திருப்பிச் சொல்கிறது. முதற்பகுதியின் சக்கர ஓட்டமும் இரண்டாம் பகுதியின் சக்கர ஓட்டமும் ஏறக்குறைய ஒரே தன்மையுடையவை. அதைக் கேட்டபோது என் உடல் நடுங்கியது. பயணிகள் பட்டியலை நாள்தோறும் காணும் துறையில் இருப்பவன் நான்.

இதனை வாசித்த குழுவின் பெயர் குரோனோஸ் நால்வர் குழு. டேவிட் ஹாரிங்டன் என்னும் வயலின் கலைஞர் 1973இல் சியாட்டில் நகரில் இதனைத் தொடங்கினார். வியட்நாம் போர்க் காலத்தில் பிறந்த ஒரு புதிய படைப்பை வானொலியில் கேட்டு, இத்தகையவற்றை வாசிக்க ஒரு குழு வேண்டும் என்று அவர் துணிந்ததாகச் சொல்வார்கள். பிறகு குழு சான்பிரான்சிஸ்கோவில் நிலைத்தது. ஜான் ஷெர்பா, ஹாங்க் டட் ஆகிய இருவரும் ஹாரிங்டனோடு நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வாசித்து 2024இல் ஓய்வு பெற்றனர். அரசாங்கப் பணியில்கூட அவ்வளவு நீண்ட சேவை அரிது.

அடுத்த நாள் மகள் அதே குழுவின் வேறொரு படைப்பைக் கேட்கச் செய்தாள். "இதில் பீப்பா வாசிக்கிறார்கள்" என்றாள். பீப்பா என்றதும் பார்சல் அலுவலகத்தில் உருட்டி வைக்கும் எண்ணெய்ப் பீப்பாதான் என் கண்முன் நின்றது! அவள் சிரித்துவிட்டாள். வீட்டில் சிரிப்பொலி கேட்டு வெகுநாளாகியிருந்தது.

பீப்பா என்பது சீனரின் தொன்மையான நரம்புக் கருவி. பேரிக்காய் வடிவினது. நான்கு நரம்புகள். மடியில் நிமிர்த்தி வைத்து, வலக்கை விரல்களால் மீட்டுவார்கள். கையை முன்னோக்கித் தள்ளி மீட்டுவது 'பீ', பின்னோக்கி இழுத்து மீட்டுவது 'பா' என்று கி.பி. 200 அளவில் எழுந்த சீன நூலொன்று பெயர்க்காரணம் கூறுகிறது. குதிரைமேல் அமர்ந்து வாசிக்கும் கருவி என்றும் அந்நூல் சொல்கிறது. இன்று நாம் காணும் பேரிக்காய் வடிவம் நடு ஆசியாவிலிருந்து பட்டு வணிகப் பாதை வழியாகச் சீனத்துக்கு வந்தது. அதன் ஒன்றுவிட்ட உறவுகள் மேற்கே அராபியரிடமும் பின்னர் ஐரோப்பியரிடமும் போய்ச் சேர்ந்தன. ஜப்பானில் நாரா நகரத்துப் பழைய கருவூலத்தில் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஐந்து நரம்புக் கருவி ஒன்று பாதுகாக்கப்படுகிறது. அந்த ஐந்து நரம்பு வகை இந்தியாவிலிருந்து சென்றது என்று அறிஞர் பலர் கருதுவர். வில்லால் இழுத்து வாசிக்கும் வழக்கமும் நடு ஆசியாவில் தோன்றிப் பரவியது என்றே சொல்கிறார்கள். ஆகவே வயலினும் பீப்பாவும் கலிபோர்னியாவில் சந்தித்துக்கொண்டது அயலார் இருவரின் சந்திப்பா, பங்காளிகளின் சந்திப்பா என்று எனக்கு ஐயம் உண்டு.

அக்கருவியை அக்குழுவோடு வாசித்தவர் வூ மான் என்னும் பெண்மணி. 1963இல் ஹாங்ஜோ நகரில் பிறந்தவர். பெய்ஜிங் மத்திய இசைக் கல்லூரியில் பயின்று, பூடோங் மரபில் தேர்ந்தவர். 1990இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே அவருடைய கருவியின் பெயரை அறிந்தவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அவர் அதைக் கைவிட்டு வேறொன்று கற்கவில்லை. அதை மட்டுமே வைத்துக்கொண்டு சீனத் தெருவுக்குள் அடங்கிக் கிடக்கவும் இல்லை. 1990களின் தொடக்கத்திலேயே குரோனோஸ் குழுவோடு சேர்ந்து வாசிக்கலானார். ஜோ லாங் என்னும் சீன இசையமைப்பாளர் 1992இல் 'ஆன்மா' என்ற பெயரில் பீப்பாவுக்கும் நால்வர் குழுவுக்கும் ஒரு படைப்பு எழுதினார். 1994இல் டான் டுன் எழுதிய 'ஆவிகளின் நாடகம்' வந்தது. அதில் நீர்க் கிண்ணமும் கல்லும் காகிதமும் உலோகமும்கூட இசைக்கருவிகள். ஜெர்மானியரான பாக் எழுதிய ஒரு பகுதியும் சீன நாட்டுப்பாடலும் ஒன்றோடொன்று உரையாடுகின்றன. பெரியோர் பலர் போற்றும் படைப்பு அது. என் செவிக்கு இன்னும் எட்டவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். காகிதத்தை ஆட்டும் ஓசையை நான் அலுவலகத்திலேயே போதுமான அளவு கேட்டுவிடுகிறேன்.

நான் சொல்ல வந்தது டெர்ரி ரைலி என்பவர் 2004இல் எழுதிய 'மாயத்தின் விளிம்பு' என்னும் ஆறு பகுதிகள் கொண்ட படைப்பைப் பற்றி. ரைலி 1935 ஜூன் 24ஆம் நாள் கலிபோர்னியாவின் மலையடிவாரத்தில் உள்ள கோல்பாக்ஸ் என்ற இரயில்வே ஊரில் பிறந்தவர். அவருடைய தந்தையார் ஓர் இரயில்வே தொழிலாளி. இதை அறிந்தபின் எனக்கு அவர் அந்நியராகத் தோன்றவில்லை. நம் குடியிருப்புப் பிள்ளைகளில் ஒருவராகவே தோன்றினார்.

ரைலி, ரைக், பிலிப் கிளாஸ், லா மான்ட் யங் ஆகிய நால்வரும் 1960களில் தொடங்கி வைத்த இசைநெறிக்கு மினிமலிசம் என்று பெயர். 'சிறுமை இசை' என்று மொழிபெயர்த்தால் பொருள் கெடும். நான் 'சிக்கன இசை' என்று சொல்லிக்கொள்கிறேன். நான்கைந்து சுரங்கள் கொண்ட சிறு தொடர் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதையே திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். மாற்றம் மிக மெல்ல வரும். ரைலி 1964இல் எழுதிய 'இன் சி' என்னும் படைப்பில் மொத்தம் 53 சிறு தொடர்களே உள்ளன. எத்தனை பேர் வேண்டுமானாலும் வாசிக்கலாம். ஒவ்வொருவரும் ஒவ்வொரு தொடரையும் தமக்கு வேண்டிய தடவை வாசித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். ஒருவர் மட்டும் ஒரே சுரத்தை விடாமல் தட்டிக்கொண்டிருப்பார். முதல் இரண்டு நிமிடம் கேட்பவன், ஊசி சிக்கிக்கொண்ட இசைத்தட்டு என்றே எண்ணுவான். நானும் அப்படித்தான் எண்ணினேன். பிறகு ஒன்று நிகழ்ந்தது. பாசஞ்சர் வண்டியில் சன்னலோரம் அமர்ந்திருப்பவனுக்குத் தந்திக் கம்பங்கள் ஒன்றுபோலவே வந்துகொண்டிருக்கும். திடீரென்று நிமிர்ந்து பார்த்தால் செம்மண் போய்க் கரிசல் வந்திருக்கும். எந்தக் கம்பத்தில் மாறிற்று என்று சொல்ல முடியாது. அதைப் போன்றது அது.

இந்தப் பொறுமை அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? ஒரு பகுதி நம் நாட்டிலிருந்து சென்றது. கிளாஸ் 1960களில் பாரிசில் ரவிசங்கரோடு பணியாற்றினார். ரைலியோ 1970இல் பண்டிட் பிராண்நாத் அவர்களுக்குச் சீடரானார். பிராண்நாத் 1918இல் லாகூரில் பிறந்தவர். கிரானா மரபில் அப்துல் வாஹித் கானிடம் பயின்றவர். அம்மரபில் ஒரு சுரத்தை விட்டு அடுத்த சுரத்துக்குப் போக அவசரமே கிடையாது. ரைலி அவரோடு இந்தியா வந்து, உடனிருந்து தம்பூரா மீட்டி, பிராண்நாத் 1996இல் மறையும் வரை சீடராகவே இருந்தார். பேர் பெற்ற இசையமைப்பாளர் ஒருவர் முப்பத்தைந்து வயதில் மீண்டும் 'ஸ' பிடிக்க அமர்ந்தார் என்றால் அது எளிய காரியமா?

கிரானா மரபைப் பற்றி ஒரு செய்தி சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனமில்லை. அம்மரபின் மற்றொரு தூண் அப்துல் கரீம் கான். நம் இசையில் பேரன்பு கொண்டவர்; தியாகராயர் கிருதி ஒன்றை இசைத்தட்டில் பாடி வைத்தவர். 1937 அக்டோபர் 27ஆம் நாள் புதுச்சேரிக்குச் செல்லும் வழியில் வண்டியில் அவருக்கு மார்பு வலி கண்டது. செங்கல்பட்டுக்கு அருகில் சிங்கப்பெருமாள்கோயில் நிலையத்தில் இறங்கினார். நடைமேடையிலேயே படுக்கையை விரித்து, தொழுகை செய்து, தம் இறைவனைப் பாடியவாறே உயிர் நீத்தார். அந்நிலையத்தில் நான் எத்தனையோ முறை வண்டி மாறக் காத்து நின்றிருக்கிறேன். அந்தக் காலத்தில் இதை எனக்குச் சொல்வார் இல்லை.

ரைலி பல ஆண்டுகள் இசையை எழுதி வைக்கும் வழக்கத்தையே ஏறத்தாழ விட்டிருந்தார். வாசிப்பதும் பாடுவதுமே அவருக்குப் போதுமானதாக இருந்தது. குரோனோஸ் குழுவினர் வற்புறுத்தி அவரை மீண்டும் எழுத வைத்தனர். அந்த உறவு 1980 முதல் தொடர்ந்தது. அவருடைய எழுபதாம் அகவையைக் கொண்டாடவே 'மாயத்தின் விளிம்பு' எழுதப்பட்டது. மேனாட்டார் கணக்கில் ஜூன் மாதத்தில் மிதுனம் முடிந்து கடகம் பிறக்கும் விளிம்பில்தான் ஆண்டின் நெடும்பகல் வருகிறது. பெயர் அதைக் குறிக்கிறது. 2008இல் இசைத்தட்டாக வெளிவந்தது.

தொடக்கத்தில் முழவும் கிலுகிலுப்பையும் ஒரே சீராக ஒலிக்கின்றன. அமெரிக்கப் பழங்குடியினரின் இரவுச் சடங்கை நினைவூட்டும் தாளம் அது. அத்தாளத்தின் மேல் பீப்பா வருகிறது. வேறொரு பகுதியில் பொம்மைகளின் கீச்சொலியெல்லாம் வருகிறது. முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. மழலைக்கு இவ்வளவு பெரிய குழுவா என்று தோன்றிற்று. வூ மான் தாலாட்டைப்போல் மெல்லப் பாடும் இடம் வந்தபோது அந்த எரிச்சல் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

இனி நான் உண்மையில் கவனித்த பொருளுக்கு வருகிறேன். வில்லால் இழுக்கும் ஒலி நீண்டு நிற்கும். வில் நகரும் வரை அது சாவதில்லை. விரலால் மீட்டும் ஒலி பிறந்த கணமே தேயத் தொடங்கிவிடும். இரண்டையும் அருகருகே வைத்தால் நீண்ட ஒலி தேயும் ஒலியை விழுங்கிவிடும். நான்கு வில்லுக்கு நடுவே ஒரு பீப்பா என்றால் அது மூழ்கியே போக வேண்டும். எங்கள் தாழ்வாரத்திலும் இதுதான் நடந்தது. நான் சினந்த அன்று, "இரண்டும் சேர்ந்தால் இரண்டும் கெடும்" என்று சொன்னேனே, அதில் ஒரு துளி உண்மை இருந்தது. சரோதின் குரல் கேட்கவேயில்லை. என் மகளின் வில் அதை மூடியிருந்தது.

இவர்கள் அதை எப்படிக் கடந்தார்கள்? பீப்பாவில் ஒரு முறை உண்டு. ஐந்து விரல்களும் ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளி தெரியாதபடி, ஒரே நரம்பைச் சுழன்று சுழன்று மீட்டும். 'லுன்ஜி' என்பார்கள், சுழல் விரல் என்று சொல்லலாம். விரல்களில் ஒட்டிக்கொண்ட செயற்கை நகங்களால் மீட்டுவதால் ஒலி தெளிவாகத் தெறிக்கும். தனித்தனித் துளிகள் நெருங்கி நெருங்கி நீரோட்டமாகிவிடும். அப்போது பீப்பா வில் இழுத்ததுபோல் நீண்டு பாடுகிறது. மறுபுறம் வயலின்காரர்கள் வில்லை விட்டுவிட்டு, விரலாலேயே நரம்பைக் கிள்ளுகிறார்கள். நீளத் தெரிந்தவர்கள் குறுகுகிறார்கள், குறுகியது நீள்கிறது. சில கணம் எது எதுவென்று எனக்கே தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, தவறாகச் சொல்லி, மகளிடம் தோற்றேன். அடுத்த கணம் பீப்பா நரம்பை வளைத்துச் சீன நாட்டுக்கே உரிய ஒரு குழைவைக் காட்டும். வயலின் எவ்வளவு முயன்றாலும் அப்படியே வராது. வயலினும் அதற்கு முயலவில்லை. ஒதுங்கி நின்று இடம் விடுகிறது. இங்கே சிக்கன இசை பெரிதும் துணை செய்கிறது. தொடர் சிறிதாகவும், திரும்பத் திரும்ப வருவதாகவும் இருப்பதால், அடுத்து எங்கே இடம் விட வேண்டும் என்பது ஐவருக்கும் முன்னரே தெரிந்துவிடுகிறது.

இரு கருவிகளைச் சேர்த்தால் போதும், இசையாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. தொலைக்காட்சியில் தவிலும் கிதாரும் போட்டியிட்டுக்கொண்டு இரைவதைப் பார்க்கிறோமே, அதற்கு இன்றும் நான் பகைவன்தான். நம் வயலினும் பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் வெள்ளைக்காரர் பாண்டு வாத்தியத்திலிருந்து வந்தது என்பதையும், நாம் அதைத் தரையில் அமர வைத்துப் பிடிக்கும் முறையையே மாற்றினோம் என்பதையும் சினந்த அன்று நான் மறந்துவிட்டேன். மகள் அப்போதே எடுத்துக் காட்டியிருக்கலாம். அவள் காட்டவில்லை.

நான் அடுத்த வீட்டுக்குச் சென்று அந்தப் பிள்ளையை அழைத்தேன். என்ன சொல்வதென்று தெரியாமல், "பீப்பா கேட்கிறாயா?" என்றேன். வங்காள மொழியில் எனக்கு அதற்குமேல் ஓடவில்லை. அவன் தாயார் தேநீர் கொடுத்தார்கள். மூவருமாக இருந்து முழுவதையும் கேட்டோம். மறுவாரம் முதல் மகள் வில்லின் நீளத்தைக் குறைத்துக்கொண்டாள். அவன் வாசிக்கும்போது அவள் விரலால் கிள்ளுகிறாள். மோகனமா பூபாலியா என்ற வழக்கு மட்டும் இன்னும் தீரவில்லை.

பொறுப்பாளர்கள் இசைவு தந்திருக்கிறார்கள். இருவரும் திரைக்குப் பின்னே சுருதி கூட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒன்பது நிமிடம் வாசிப்பார்கள். அதற்குமுன் ஒலிபெருக்கிக்காரத் தம்பிக்கு ஒரு வேண்டுகோள்: இந்த மைக்கைச் சற்று இடப்பக்கம் நகர்த்தி, சரோதுக்கு அருகில் வைத்துவிடு, அப்பா. வயலினுக்கு வேண்டாம், அது தானே கேட்கும்.